அமெரிக்காவில் மனநல ஆலோசகர் உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், அங்கே ஆலோசகராகப் பணியாற்ற விரும்புகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். சட்டங்கள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படும். ஆகவே முடிவெடுக்கும் முன் உங்கள் மாநில வாரியத்தின் இணையதளத்தை ஒரு முறை பாருங்கள். என் நிலைப்பாட்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமச் சட்டம் முதலில் காக்க வேண்டியது, மனம் தளர்ந்து ஆலோசகரின் கதவைத் தட்டுகிறவரைத்தான். ஒவ்வொரு விதியையும் அந்த அளவுகோலால்தான் இங்கே அளந்திருக்கிறேன்.

உரிமத்தை வழங்குவது யார்? வாஷிங்டனில் உள்ள மத்திய அரசா?

இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வழங்குகிறது. மத்திய அரசுக்கென ஒப்படைக்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கே உரியவை என்கிறது அமெரிக்க அரசியலமைப்பின் பத்தாம் திருத்தம். மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கருதித் தொழில்களை ஒழுங்குபடுத்துவது அந்த வகையில் சேரும். மேற்கு வர்ஜீனியாவின் மருத்துவ உரிமச் சட்டத்தை எதிர்த்து டென்ட் என்பவர் தொடுத்த வழக்கில், மாநிலத்துக்கு இந்த அதிகாரம் உண்டு என்று 1889-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இன்றைய மருத்துவர், செவிலியர், ஆலோசகர் உரிமங்கள் எல்லாம் அந்த அடித்தளத்தின் மேல் நிற்பவையே.

மாநிலச் சட்டமன்றம் சட்டம் இயற்றும். அந்தச் சட்டத்தின்படி அமையும் வாரியம் விதிகளை வகுக்கும், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும், புகார்களை விசாரிக்கும். கலிபோர்னியாவில் இது நடத்தை அறிவியல் வாரியம். டெக்சாஸில் நடத்தைசார் நலத்துக்கான நிர்வாகக் குழு. நியூயார்க்கில் வியப்பாக இருக்கலாம், இந்தப் பணி மாநிலக் கல்வித் துறையிடம் இருக்கிறது.

இந்தச் சட்டங்கள் எப்போது வந்தன?

பலர் நினைப்பதைவிடத் தாமதமாக. 1970-களின் தொடக்கத்தில் வர்ஜீனியாவில் ஜான் வெல்டன் என்ற ஆலோசகர் கட்டணம் வாங்கிக்கொண்டு தொழில்வழிகாட்டல் செய்துவந்தார். உரிமமின்றி உளவியல் தொழில் செய்கிறார் என்று மாநில உளவியலாளர் வாரியம் அவரைத் தடுத்தது. வழக்கை விசாரித்த நீதிமன்றம், ஆலோசனைப் பணி உளவியலிலிருந்து வேறான தனித் தொழில் என்றது. தனித் தொழில் என்றால் அதற்குத் தனிச் சட்டம் வேண்டும். அதைத் தொடர்ந்து 1976-இல் ஆலோசகர்களுக்கென முதன்முதலில் சட்டம் கொண்டுவந்த மாநிலம் வர்ஜீனியாதான்.

மற்ற மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. நியூயார்க் 2002-இல் சட்டம் இயற்றியது. கடைசியாக வந்தது கலிபோர்னியா. அங்கே 2009 அக்டோபரில்தான் ஆளுநர் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெக்கர் அந்த மசோதாவில் கையெழுத்திட்டார். அங்கே திருமண, குடும்ப ஆலோசகர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் அதற்கு வெகு முன்பே உரிமம் இருந்தது. ஆலோசகர்கள் மட்டும் வெளியே நின்றிருந்தார்கள். முதல் சட்டத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் இடையே முப்பத்து மூன்று ஆண்டுகள்.

எல்.பி.சி., எல்.எம்.எச்.சி., எல்.சி.பி.சி., எல்.பி.சி.சி. என்று பலவிதமாக எழுதுகிறார்களே, இவை வெவ்வேறு படிப்புகளா?

இல்லை, இவை ஆலோசகர் உரிமப் பெயர்களின் சுருக்கங்கள். பெரும்பாலும் ஒரே தொழில்தான். வைத்துக்கொண்ட பெயர்தான் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸ், பென்சில்வேனியா, ஜார்ஜியா, வர்ஜீனியா மாநிலங்களில் எல்.பி.சி. நியூயார்க், புளோரிடா, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் எல்.எம்.எச்.சி. மேரிலாந்தில் எல்.சி.பி.சி. கலிபோர்னியாவிலும் ஒஹையோவிலும் எல்.பி.சி.சி.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சில மாநிலங்களில் இரண்டு படிகள் உண்டு. இல்லினாய்ஸில் எல்.பி.சி. என்பது முதல் படி, தனித்துச் செயல்படும் உரிமை எல்.சி.பி.சி.க்குத்தான். டெக்சாஸிலோ எல்.பி.சி. என்பதே முழு உரிமம். ஒரே மூன்றெழுத்து எல்லைக்கு அப்பால் வேறு அதிகாரத்தைக் குறிக்கிறது. எனவே எழுத்துகளை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "நீங்கள் தனித்துப் பணியாற்றும் உரிமம் பெற்றவரா, ஒருவருடைய மேற்பார்வையில் இருக்கிறீர்களா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதில் சொல்வது அவர்கள் கடமை.

மனநல மருத்துவர், உளவியலாளர் ஆகியோரிலிருந்து இவர்கள் எப்படி வேறுபடுகிறார்கள்?

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். உளவியலாளர் பொதுவாக முனைவர் பட்டம் பெற்றவர், விரிவான உளவியல் சோதனைகள் செய்வார். ஆலோசகர் முதுகலைப் பட்டம் பெற்றவர், உரையாடல் வழி சிகிச்சையளிப்பார். எந்த மாநிலத்திலும் ஆலோசகர் மருந்து எழுத முடியாது.

நோயைக் கண்டறிந்து பெயரிடும் அதிகாரம்தான் நீண்ட நாள் சச்சரவு. நியூயார்க்கில் ஆலோசகர் உரிமம் இருந்தும் அந்த அதிகாரம் சட்டத்தில் தெளிவாகத் தரப்படாமலே இருந்தது. 2022-இல் வந்த திருத்தம் உரிய பயிற்சி பெற்றவர்களுக்கு அதை வழங்கியது. காப்பீட்டு நிறுவனம் பணம் தர வேண்டுமானால் கோப்பில் ஒரு நோய்க்குறிப்பு வேண்டும் என்பதால், இந்த அதிகாரம் நாடி வருபவரின் பணப்பையையும் தொடுகிறது.

உரிமம் பெற என்னென்ன வேண்டும்?

படிப்பு, மேற்பார்வையில் செய்த பணி, தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு. இந்த நான்கும் எல்லா மாநிலங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான், அளவுதான் மாறும்.

ஆலோசனைத் துறையில் முதுகலை வேண்டும், பல மாநிலங்கள் 60 செமஸ்டர் கிரெடிட் கேட்கின்றன. படிப்புக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்பு 1981-இல் தொடங்கிய காக்ரெப். அதன் நெறிகளின்படி படிக்கும்போதே 100 மணி நேரச் செய்முறையும் 600 மணி நேரப் பயிற்சிப் பணியும் முடித்திருக்க வேண்டும்.

பட்டத்துக்குப் பிறகுதான் நீண்ட பாதை. கலிபோர்னியாவில் 3,000 மணி நேரம், அதில் 1,750 மணி நேரம் நேரடி ஆலோசனை, குறைந்தது 104 வாரங்களில் பரவியிருக்க வேண்டும். டெக்சாஸில் 3,000 மணி நேரம், அதில் 1,500 நேரடி, குறைந்தது 18 மாதங்கள். வர்ஜீனியாவில் 3,400 மணி நேரம். மாசசூசெட்ஸில் 3,360.

தேர்வுகள் இரண்டு புழக்கத்தில் உள்ளன. என்.சி.ஈ. என்பது ஆலோசனைத் துறை பற்றிய பொதுவான அறிவைச் சோதிக்கும், 200 கேள்விகள் கொண்ட தேர்வு. என்.சி.எம்.எச்.சி.ஈ. என்பது ஒரு மனிதரின் நிலையை விவரித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் தேர்வு. நியூயார்க், புளோரிடா, கலிபோர்னியா ஆகியவை இரண்டாவதைக் கேட்கின்றன. கலிபோர்னியாவில் அதற்கு மேல் மாநிலச் சட்டமும் நெறிமுறையும் பற்றிய தனித் தேர்வும் உண்டு.

உரிமம் கிடைத்த பிறகும் படிப்பு நிற்காது. கலிபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு 36 மணி நேரமும் டெக்சாஸில் 24 மணி நேரமும் தொடர்கல்வி முடித்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும்.

இவ்வளவு மணி நேரம் தேவையா? அநியாயம் இல்லையா?

இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. தற்கொலை எண்ணத்தோடு வருபவரை முதன்முதலாகச் சந்திக்கும் இளம் ஆலோசகருக்குப் பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அந்த மணி நேரங்களைச் சேர்க்கும் காலத்தில் ஊதியம் குறைவு, சில இடங்களில் ஊதியமே இல்லை. மேற்பார்வையாளருக்குக் கைக்காசு கொடுப்பவர்களும் உண்டு. குடும்பப் பொருளாதாரம் தாங்கினால்தான் இந்தப் பாதையைக் கடக்க முடியும். கடந்து வருகிறவர்கள் எந்த மொழி பேசுபவர்கள், எந்தத் தெருவிலிருந்து வருபவர்கள் என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது.

விசாவில் இருப்பவர்களுக்குச் சுவர் இன்னும் உயரம். எஃப்-1 விசாவில் படித்து முடித்தவருக்குப் படிப்புக்குப் பின் பொதுவாகக் கிடைக்கும் பணி அனுமதி 12 மாதங்கள். டெக்சாஸின் 18 மாதங்களும் கலிபோர்னியாவின் 104 வாரங்களும் அதற்குள் அடங்கா. இடையில் வேறு விசாவுக்கு அவர் சார்பில் விண்ணப்பிக்கும் நிறுவனம் கிடைக்க வேண்டும். எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் துணைக்குக் கிடைக்கும் எச்-4 விசாவில் இருப்பவர் படிக்கலாம், பொதுவாக வேலை செய்ய முடியாது. கணவர் அல்லது மனைவியின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால், 2015 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி எச்-4 பணி அனுமதி கேட்கலாம். தமிழில் கேட்கவும் பேசவும் தெரிந்த, இந்தப் பணிக்கு முற்றிலும் பொருத்தமான எத்தனையோ பெண்கள் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த அனுமதிக்காகக் காத்திருக்கிறார்கள். சேர்வதற்கு முன்பே, "பட்டத்துக்குப் பிறகு மணி நேரங்களை எந்த விசாவில் சேர்ப்பேன்?" என்ற கேள்விக்கு விடை தேடிவிடுங்கள். கல்லூரிச் சேர்க்கை அலுவலகம் இதைத் தானாக முன்வந்து சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மேற்பார்வையில் இருக்கும் ஒருவரிடம் ஆலோசனை பெறலாமா?

தாராளமாகப் பெறலாம். கட்டணமும் குறைவாக இருக்கும். கலிபோர்னியாவில் இவரை அசோசியேட் என்பார்கள், புளோரிடாவில் பதிவு பெற்ற இன்டர்ன், வர்ஜீனியாவில் ரெசிடென்ட். உரிமம் பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் பின்னால் இருக்கிறார், அவர் பெயரையும் நீங்கள் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் சொல்வதை மேற்பார்வையாளரோடு அவர் விவாதிப்பார் என்பதை மட்டும் அறிந்திருங்கள்.

இந்தியாவில் எம்.எஸ்சி. உளவியல் அல்லது எம்.எஸ்.டபிள்யூ. முடித்திருக்கிறேன். அது செல்லுமா?

அப்படியே செல்வது அரிது. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் நிறுவனம் ஒன்றிடமிருந்து சமநிலைச் சான்று வாங்க வேண்டும். பிறகு மாநில வாரியம் பாடம் பாடமாக ஒப்பிடும். நம் இரண்டு ஆண்டு முதுகலையில் 60 கிரெடிட் அளவும், அவர்கள் கேட்கும் ஆலோசனைச் செய்முறை மணி நேரங்களும் பெரும்பாலும் இருப்பதில்லை. காக்ரெப் அங்கீகாரமே வேண்டும் என்னும் ஒஹையோ போன்ற மாநிலங்களில் வழி இன்னும் குறுகல். பலர் மீண்டும் ஒரு முதுகலை படிக்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்கள் சமூகப் பணி உரிமத்தின் பாதையையும் சேர்த்து விசாரித்துப் பாருங்கள். அது தனிச் சட்டம், தனித் தேர்வு.

வேறு மாநிலத்தில் தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். காணொளியில் அவரிடம் பேசலாமா?

நம் மக்களுக்கு மிகவும் தேவைப்படும் கேள்வி இது. பேசும் நேரத்தில் நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அந்த மாநிலத்தின் சட்டம் பொருந்தும் என்பதுதான் பொது விதி. ஆலோசகர் நியூஜெர்சியில், நீங்கள் டெக்சாஸில் என்றால் அவருக்கு டெக்சாஸில் பணியாற்றும் அனுமதி வேண்டும். அம்மாவைப் பார்க்க வேறு மாநிலத்துக்குப் போய் அங்கிருந்து பேசினாலும் இதே சிக்கல்தான்.

தளர்வுகள் உண்டு. புளோரிடா 2019-இல் இயற்றிய சட்டப்படி, வெளிமாநில உரிமம் உள்ளவர் தொலைமருத்துவச் சேவையாளராகப் பதிவு செய்துகொண்டு புளோரிடாவில் இருப்பவர்களுடன் பணியாற்றலாம். கலிபோர்னியாவில் 2024 முதல், வேறு மாநிலத்தில் ஏற்கெனவே ஆலோசனை பெற்றுவருபவர் அங்கே தற்காலிகமாக வந்திருந்தால், அவருடைய ஆலோசகர் உரிய தகவலை வாரியத்துக்குத் தந்து 30 நாட்கள் வரை தொடரலாம்.

இவற்றைவிடப் பெரிய முயற்சி, ஆலோசகர் உரிமத்துக்கான மாநிலங்களுக்கு இடையிலான உடன்படிக்கை. 2021-இல் முதலில் சேர்ந்தது ஜார்ஜியா. நடைமுறைக்கு வரத் தேவையான பத்து மாநிலங்கள் 2022-இல் சேர்ந்துவிட்டன, பின்னர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது. சொந்த மாநிலத்தில் தனித்துப் பணியாற்றும் உரிமம் உள்ளவர், சேர்ந்துள்ள மற்ற மாநிலங்களில் பணியாற்றும் அனுமதியைத் தனி உரிமத்துக்கு விண்ணப்பிக்காமலே பெற இது வழிசெய்கிறது. மேற்பார்வையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. தமிழர் நிறைந்த கலிபோர்னியா 2025 வரை சேரவில்லை. தமிழ் ஆலோசகர்கள் சிலரே இருக்கும் நாட்டில், மாநில எல்லை என்பது தாய்மொழியில் அழ முடியாத நிலையை உண்டாக்குகிறது. உங்கள் மாநிலம் சேரவில்லையென்றால் உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள். இத்தகைய மசோதாக்கள் மாநில அளவில் முடிவாகின்றன. அங்கே ஒரு தொகுதிவாசியின் கடிதம் படிக்கப்படும்.

சென்னையிலோ கோவையிலோ உள்ள ஆலோசகரிடம் பேசினால்?

பலர் பேசுகிறார்கள். ஆனால் அவருக்கு உங்கள் மாநிலத்தின் உரிமம் இருக்காது, உங்கள் வாரியத்தால் அவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது, அமெரிக்கக் காப்பீடும் பணம் தராது. இந்தியாவிலும் ஆலோசகர் தொழிலுக்கான ஒழுங்குமுறை இப்போதுதான் உருவாகிவருகிறது. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்கிறார்கள். மற்ற ஆலோசகர் வகைகள் பலவற்றை 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அவசர நிலை வந்தால் உங்கள் ஊர் மருத்துவமனையைத் தொடர்புகொள்ள அவரால் இயலாது என்பதுதான் இதில் என் பெரிய கவலை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றும் நேரத்தில் அமெரிக்காவுக்குள் எங்கிருந்தும் தற்கொலை, நெருக்கடி உதவிக்கான 988 எண்ணை அழையுங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள்.

நான் சொல்வதெல்லாம் இரகசியமாக இருக்குமா?

பெரும்பாலும் ஆம், இங்கேதான் உரிமத்தின் முழு மதிப்பும் வெளிப்படுகிறது. இல்லினாய்ஸ் காவலர் ஒருவர் தன் ஆலோசனை அமர்வுகளில் பேசியதை வெளியிட வேண்டுமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவருக்கு ஆலோசனை தந்தவர் உரிமம் பெற்ற சமூகப் பணியாளர். 1996-இல் ஜாஃபி வழக்கின் தீர்ப்பில், அத்தகைய உரையாடலை மத்திய நீதிமன்றங்களில் வெளியிடக் கட்டாயப்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். உரிமம் இல்லாத ஒருவரிடம் கொட்டிய சொற்களுக்கு இந்தக் காப்பு இருக்கும் என்று நம்பிவிட முடியாது.

விதிவிலக்குகள் உண்டு. குழந்தைக்குக் கொடுமை நடப்பதாக ஐயம் எழுந்தால் ஆலோசகர் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பிறருக்கு ஆபத்து என்றால் மாநிலங்கள் பிரிகின்றன. 1969-இல் பெர்க்லியில் தாதியானா தாரசாஃப் என்ற மாணவி கொல்லப்பட்டார். கொன்றவர் தன் எண்ணத்தை முன்பே பல்கலைக்கழக உளவியலாளரிடம் சொல்லியிருந்தார். ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை சிகிச்சை அளிப்பவருக்கு உண்டு என்று 1976-இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ் உச்ச நீதிமன்றமோ 1999-இல் அத்தகைய எச்சரிக்கைக் கடமையை ஏற்க மறுத்துவிட்டது.

என் பதின்வயது மகள் எனக்குத் தெரியாமல் ஆலோசகரிடம் போக முடியுமா?

சில மாநிலங்களில் முடியும். கலிபோர்னியாவில் 12 வயது நிரம்பியிருந்து, போதிய முதிர்ச்சி இருப்பதாக ஆலோசகர் கருதினால், பிள்ளையே ஒப்புதல் தரலாம். வாஷிங்டன் மாநிலத்தில் 13 வயது. இதைக் கேட்டதும் பெற்றோருக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் வீட்டில் சொல்ல முடியாத ஒன்றைச் சுமக்கும் பிள்ளைக்கு, பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவரிடம் செல்ல வழி இருக்க வேண்டும் என்றே நான் நம்புகிறேன். பெரும்பாலான ஆலோசகர்கள் பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளவே முயல்வார்கள்.

மெடிகேர் என்னும் மத்திய அரசு மருத்துவக் காப்பீடு பெறும் வயதான பெற்றோருக்கு ஆலோசகர் கட்டணம் கிடைக்குமா?

2024 ஜனவரி 1 முதல் கிடைக்கிறது. அதற்கு முன் மாநில உரிமம் இருந்தும் ஆலோசகர்கள் மெடிகேரிடம் கட்டணம் கேட்க முடியாது. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் அதை மாற்றியது. தொகை, மருத்துவ உளவியலாளருக்குத் தருவதில் 75 சதவீதம்.

லைஃப் கோச், மதகுரு, பள்ளி ஆலோசகர்: இவர்களுக்கும் உரிமம் வேண்டுமா?

மதகுருக்கள் தங்கள் சமயப் பணியின் பகுதியாகச் செய்யும் ஆலோசனைக்குச் சட்டங்கள் பொதுவாக விலக்களிக்கின்றன. பள்ளி ஆலோசகர்களுக்குக் கல்வித் துறையின் தனிச் சான்று. கோச்சுகளுக்கு எந்த மாநிலமும் உரிமம் கேட்பதில்லை. இலக்கு வகுக்கவோ வேலை தேடவோ அவர்கள் உதவலாம். மன அழுத்த நோய்க்கும் பழைய வன்முறையின் காயத்துக்கும் சிகிச்சை தருவதாக ஒரு கோச் சொன்னால் விலகி வந்துவிடுங்கள். ஒழுங்கு தவறிய ஆலோசகர் சிலர் உரிமம் பறிபோன பின் கோச் என்ற பெயரில் தொடர்ந்திருக்கிறார்கள். பெயரை வாரியத் தளத்தில் தேடினால் பழைய நடவடிக்கை தெரியவரும்.

ஆலோசகர் தவறாக நடந்துகொண்டால் என்ன செய்வது?

மாநில வாரியத்தில் புகார் செய்யுங்கள். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. கலிபோர்னியாவில் எங்கே புகார் செய்யலாம் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே ஆலோசகர் எழுத்தில் தர வேண்டும். நாடி வருபவருடன் பாலுறவு கொள்வது அங்கே உரிம மீறல் மட்டுமன்று, குற்றமும்கூட. நீங்கள் சம்மதித்தீர்கள் என்று அவர் சொன்னாலும் அது தற்காப்பு ஆகாது. தேதிகள், குறுஞ்செய்திகள், ரசீதுகள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். விசாரணை மெதுவாகத்தான் நகரும், மாதக்கணக்கில் ஆகலாம். நம் சமூகத்தில் இத்தகைய புகாரை வெட்கம் தடுத்துவிடுகிறது. அந்த வெட்கம் தவறு செய்தவருக்கு உரியது.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் ஆலோசகரின் இடத்தைப் பிடிக்க முடியுமா? சட்டம் என்ன சொல்கிறது?

சட்டமன்றங்கள் இப்போதுதான் விழித்திருக்கின்றன. இல்லினாய்ஸ் 2025 ஆகஸ்டில் கொண்டுவந்த சட்டப்படி, உரிமம் பெற்ற மனிதர் இன்றி ஒரு செயலி சிகிச்சை வழங்குவதும், சிகிச்சை என்று விளம்பரம் செய்வதும் கூடாது. ஒவ்வொரு மீறலுக்கும் 10,000 டாலர் வரை அபராதம். நெவாடாவும் அதே ஆண்டில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உரிமம் உள்ள மனிதரிடம் பயிற்சி உண்டு, கடமை உண்டு, தவறினால் இழக்க ஓர் உரிமம் உண்டு. செயலியிடம் பறிமுதல் செய்ய எதுவும் இல்லை. இந்தச் சட்டத்தை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன்.

ஆலோசகர்கள் நேரம் ஒதுக்குவது, கட்டணக் கணக்கு போன்ற அலுவல்களுக்கு அதே சட்டம் செயலிகளை அனுமதிக்கிறது. அமர்வைப் பதிவு செய்து குறிப்பெடுக்கும் செயலி என்றால் உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். அடுத்த முறை செல்லும்போது, உங்கள் ஆலோசகர் அப்படி ஏதாவது பயன்படுத்துகிறாரா, பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது, எப்போது அழிக்கப்படும் என்று கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.